துறப்பதற்கு எதுவுமில்லாதவளின் துறவு

துறவு என்பது தமிழில் மலிவான சொல்லன்று. உடைமை உள்ளவன் அவ்வுடைமையை விடுவதையே நம் முன்னோர் துறவு என்றனர். அரசுரிமையை நீத்ததாகச் சொல்லப்படும் இளங்கோவைத் துறவி என்றோம். கடல் வாணிகத்தில் குவித்த செல்வத்தை உதறிக் கோவணத்தோடு வெளியேறிய பட்டினத்தாரைத் துறவி என்றோம். பட்டினி கிடப்பவன் நோன்பிருக்கிறான் என்றோ, குடிசை எரிந்து தெருவில் நிற்பவன் வானப்பிரஸ்தம் மேற்கொண்டான் என்றோ எந்தப் புலவனும் பாடத் துணிந்ததில்லை. அத்துணிவு இக்காலத்தில் சிலருக்கு வந்திருக்கிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து ஒரு பெண் கன்னியர் மடம் புகுந்தால், உலகத்தையும் உலக இன்பங்களையும் துறந்து சென்றாள் என்று மேடையேறிப் புகழ்கின்றனர். எந்த உலகத்தை? எந்த இன்பங்களை? அவள் பெயரில் எழுதப்பட்டிருந்த எந்தப் பொருளை அவள் துறந்தாள்? நாம் கேட்க விரும்புவது இதைத்தான்.

இக்கேள்வி மடம் புகும் பெண்ணை நோக்கி எழுப்பப்படுவதன்று. அவளைப் புகழ்ந்து பேசுவோரையும், அவளைக் கண்டு ஏளனமாய்ச் சிரிக்கும் நம்மவரையும் நோக்கியே எழுப்பப்படுகிறது. முன்னவர் அவளை விண்ணகத்து மலர் என்கின்றனர். பின்னவர் மதம் விழுங்கிய இரை என்கின்றனர். அவள் எந்த லயத்திலிருந்து வந்தாள், எந்தக் கதவுகள் மூடியிருந்தமையால் இந்தக் கதவைத் தட்டினாள் என்று இருசாராரும் ஆராய்வதில்லை.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். கத்தோலிக்கத் திருச்சபையில் வாழ்நாட் கன்னிமை பூணும் பெண்கள் பெரும்பான்மையும் இரு வகையினர். ஒரு வகையினரை நாம் எல்லாரும் அறிவோம். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளை அளித்து, ஒரு துறவற சபையிற் சேர்ந்து, மடத்தில் கூடி வாழும் கன்னியாஸ்திரிகள் அவர்கள். மற்ற வகையினரைப் பலர் அறியார். அவர்களுக்கு மடம் இல்லை, சீருடை இல்லை, மடத்துத் தலைவியும் இல்லை. மறைமாவட்டத்து மேற்றிராணியார் ஒரு சடங்கின் மூலம் அவர்களைக் கிறிஸ்துவின் மணவாட்டியராக அர்ப்பணம் செய்துவைக்கிறார். அதன்பின் அவர்கள் தத்தம் வீட்டிலேயே இருந்து, தத்தம் தொழிலைச் செய்து, மணமின்றி வாழ்கின்றனர். கிறிஸ்தவத்தின் முதல் நூற்றாண்டுகளிலேயே தோன்றி, மடங்கள் பெருகியபின் மங்கிப்போன வழக்கம் இது. பாப்பரசர் ஆறாம் பவுலின் காலத்தில், 1970 மே 31ஆம் நாள் வெளியான சடங்குநூல் இதற்கு மீண்டும் உயிர்கொடுத்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 604ஆம் விதி இதற்குச் சட்டவுருவம் தந்தது. 2018இல் வத்திக்கான் இதுபற்றி விரிவான அறிவுறுத்தல் ஒன்றை வெளியிட்டபோது, உலகெங்கும் இத்தகைய பெண்கள் 5,000 பேருக்கு மேல் இருந்தனர்.

இவ்வழக்கத்தின் தோற்றத்திலே ஒரு கலகம் இருந்தது என்பதை முற்போக்காளராகிய நாம் மறைக்க வேண்டியதில்லை. பண்டை உரோமில் மகள் தந்தையின் ஆட்சிக்கு உட்பட்ட பொருள். அவளை எந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பது என்பது சொத்தும் அரசியலும் சார்ந்த கணக்கு. அந்தக் கணக்கில் சேர மறுத்து, "நான் எவனுக்கும் மனைவியாகேன்" என்று ஒரு பெண் சொன்னாள் என்றால், அவள் தந்தையின் அதிகாரத்தையே மறுத்தாள். புனித ஆக்னேஸ், புனித தெக்லா ஆகியோரைப் பற்றிய மரபுக் கதைகளில் திருமணத்தை மறுத்த பெண்ணின்மீது குடும்பமும் நகரும் அரசும் ஒன்றுசேர்ந்து பாய்வதைக் காண்கிறோம். என் உடல் என்னுடையது என்ற கூற்று, அக்காலத்தில் கடவுளின் பெயராலன்றி வேறெப் பெயராலும் சொல்லப்படக் கூடாததாயிருந்தது. அந்தக் கூற்றுக்கு நாம் தலைவணங்குவோம். ஆயின் அதே கூற்றைச் சப்பிரகமுவ மலையில் ஒரு தொழிலாளியின் மகள் சொல்ல முடியுமா என்பதையும் பார்க்கவேண்டும்.

சப்பிரகமுவ மாகாணத்தின் இரு மாவட்டங்களையும் எல்லையாகக் கொண்டு 1995இல் இரத்தினபுரி மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. அதற்குமுன், 1893 முதல், இம்மலைகள் காலி மறைமாவட்டத்தின் பகுதியாயிருந்தன. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகல, யட்டியாந்தோட்டை என விரியும் இப்பகுதியில் தேயிலையும் இறப்பரும் அருகருகே நிற்கின்றன. ஒரு பக்கம் கொழுந்துக் கூடை. மறுபக்கம் பால்வெட்டும் கத்தி. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவுகளைப்போல் சிதறிக் கிடக்கும் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வாழ்கின்றனர். நுவரெலியாவைப்போல் எண்ணிக்கையால் வரும் அரசியற் பலமும் இவர்களுக்கு இல்லை. 1977இலும் 1981இலும் 1983இலும் வன்செயல் வந்தபோது இம்மலைகளிலிருந்து குடும்பம் குடும்பமாய் வடக்கு நோக்கி ஓடியவர்களும் இவர்களே.

இங்கே பிறக்கும் பெண்ணின் உடைமைக் கணக்கை எழுதிப் பார்ப்போம். அவள் குடியிருக்கும் லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். அவள் கொழுந்தெடுக்கும் மலை, 1970களின் நிலச்சீர்திருத்தத்துக்குப் பின் அரசுக்குச் சொந்தம். அதன் நிருவாகமோ 1992 முதல் கம்பெனிகளின் கையில். அவள் உழைப்பு பெரட்டுக்களத்திற் போடப்படும் 'பேர்' ஆகிறது. எடை குறைந்தால் 'அரைப்பேர்' ஆகிறது. ஆணுக்கு ஒரு கூலி, அதே மலையில் அதே வெயிலில் நிற்கும் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்ற வேறுபாடு 1984 வரை நீடித்தது. வேறுபாடு நீங்கிய பின்னும் அவள் கூலியைத் தந்தையோ கணவனோ சென்று வாங்கிவரும் பழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலைத்தது. 2024 செப்டெம்பரில் நாட்கூலி 1,350 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்த எண்ணை ஒரு கிலோ அரிசியின் விலையோடும் ஒரு தேங்காயின் விலையோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பை வாசகரிடமே விடுகிறோம்.

பொருளுக்குத்தான் இந்த நிலை, உரிமையாவது இருந்ததா? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவள் பாட்டனையும் பாட்டியையும் நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 மனிதரைக் கூறுபோட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்றனர். அவ்வேளை கொழும்பில் நடந்த கூட்டாட்சியில் இடதுசாரித் தலைவர் என். எம். பெரேரா நிதியமைச்சராக இருந்தார் என்பதை இடதுசாரிகளாகிய நாம் மறத்தலாகாது. யட்டியாந்தோட்டையும் ருவான்வெல்லையும் அவரைச் சட்டசபைக்கு அனுப்பிய மண். இறப்பர்த் தோட்டத் தொழிலாளரின் வியர்வை சிந்திய மண். தன்னுடையதை ஒருவர் துறக்கலாம். பிறருடையதை அவருக்காகத் துறந்துவிட எவருக்கு உரிமை உண்டு? தோட்டத்துப் பெண்ணுக்கு நிலத்தைத் துறந்தவன் துரை. வாக்கைத் துறந்தவர் அமைச்சர். கூலியைத் துறந்தவன் கங்காணி. இத்தனை பேர் அவளுக்காகத் துறந்து முடித்த பின்னர், துறப்பதற்கென அவளிடம் எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. அது அவள் உடல். அதையும் கேட்கும்போது மட்டும் அதற்கு அர்ப்பணம் என்று பெயர் வைக்கின்றனர்.

இனி 604ஆம் விதிக்குத் திரும்புவோம். உலகின் நடுவே வாழும் அர்ப்பணக் கன்னி தன் வாழ்வுக்கு வேண்டிய பொருளைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். மறைமாவட்டம் அவளுக்குச் சோறு போடும் கடமையை ஏற்பதில்லை. 2018ஆம் ஆண்டின் அறிவுறுத்தல் இன்னொன்றையும் சொல்கிறது: பதினெட்டு வயதுக்குமுன் ஆயத்தப் பயிற்சியில் சேர்த்தல் ஆகாது, வழக்கமாக இருபத்தைந்து வயது நிறையுமுன் அர்ப்பணச் சடங்கும் ஆகாது. நல்ல விதிகள். நிதானமான விதிகள். ஆயின் இவற்றை நிறைவேற்றக் கூடியவள் யார்? சம்பளம் உள்ளவள், தனக்கென ஒரு வீடோ அறையோ உள்ளவள், கதவைச் சாத்திக்கொண்டு செபிக்க இடம் உள்ளவள். மும்பையிலோ பாரிசிலோ ஓர் ஆசிரியையோ மருத்துவரோ இவ்வாழ்வை மேற்கொள்ளலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் அண்ணனும் அண்ணியும் குழந்தைகளும் தாய்தந்தையரும் நெருங்கிக் கிடக்க, கொழுந்து விலைக்கும் மழைக்கும் அஞ்சி வாழும் பெண் இதனை மேற்கொள்வது எங்ஙனம்? ஆக, மடமில்லாத கன்னிமை வசதியுள்ள பெண்ணுக்கே கிட்டுகிறது. ஏழைப் பெண் கன்னியாய் வாழ விரும்பினால், அவளுக்கு மடத்தின் கூரை வேண்டும்.

அந்தக் கூரைக்கும் வயது விதி உண்டு. பதினேழு வயது நிறைந்தவளை நவசந்நியாசத்தில் சேர்க்கலாம். பதினெட்டில் தற்காலிக வார்த்தைப்பாடு. இருபத்தொன்றில் நித்திய வார்த்தைப்பாடு. திருச்சபைச் சட்டம் வகுத்த குறைந்த எல்லை இது. சொந்தச் சம்பளமுள்ள பெண்ணை இருபத்தைந்து வரை பொறுத்திருக்கச் சொல்லும் திருச்சபை, ஏதுமற்ற பெண்ணுக்குப் பதினேழிலேயே கதவைத் திறந்துவைக்கிறது. இந்த எட்டாண்டு இடைவெளியில் வர்க்கம் என்ற சொல் எழுதப்படவில்லைதான். எழுதாமலே அது வாசிக்கப்படுகிறது.

அந்தப் பதினேழு வயதில் அவள்முன் உள்ள வாயில்களை எண்ணுவோம். முதலாவது, தாயின் கொழுந்துக் கூடை. இரண்டாவது, கொழும்பு வீடொன்றின் அடுக்களை. வயது வந்தபின் மத்திய கிழக்கின் அடுக்களை. மூன்றாவது, ஆடைத் தொழிற்சாலையின் தையல் இயந்திரம். நான்காவது, அடுத்த லயத்துக்கு மருமகளாய்ச் செல்லல். உயர்தரம் படித்து ஆசிரியையாகவோ பட்டதாரியாகவோ வெளியேறுவோரும் உண்டு. அவர் தொகை ஆண்டுதோறும் பெருகுவது நமக்கு மகிழ்ச்சியே. எனினும் அவ்வாயில் இன்னும் ஒடுங்கியதே. ஐந்தாவது, மடத்து வாயில். அங்கே தனிக் கட்டில் உண்டு. புத்தகம் உண்டு. ஆங்கிலம் உண்டு. ஆசிரியையாகவும் தாதியாகவும் பயிலும் வாய்ப்பு உண்டு. சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவன் இல்லை. நேற்றுவரை "ஏ பிள்ளை" என்று அவளை விளித்த கணக்கப்பிள்ளை நாளை "சிஸ்டர், வாங்க" என்று நாற்காலி போடுகிறார்.

இப்படியிருக்க, ஐந்தாவது வாயிலை அவள் தேர்ந்ததில் குற்றம் என்ன? குற்றம் ஏதுமில்லை என்பதே நம் கருத்து. அவளுடைய பக்தியை நாம் பொய்யென்று சொல்லவில்லை. பக்தியும் பசியும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்து நிறுக்கும் தராசு நம்மிடம் இல்லை, பாப்பரசரிடமும் இல்லை. நாம் மறுப்பது வேறொன்றை. நான்கு வாயில்களைச் சமுதாயம் அடைத்துவைத்திருக்க, ஐந்தாவதில் அவள் நுழைந்ததைச் சுத்த சுயாதீனமான தெய்வ அழைத்தல் என்று மட்டும் விளக்குவதை மறுக்கிறோம். அவ்விளக்கம் அவளைப் போற்றுவதுபோற் காட்டி, அடைத்த கைகளைத் தப்பவிடுகிறது.

நம்முடைய தோழர்களுக்கும் ஒரு சொல். கன்னியாஸ்திரியைப் பற்றிய கொச்சையான பகடி நம் கூட்டங்களிலும் ஒலிப்பதுண்டு. மணமாகாத பெண் முழுமையற்றவள், ஆணின் தொடர்பில்லாதவள் உலர்ந்துபோனவள் என்ற பழைய ஆண்திமிர்தான் அதில் முற்போக்கு வேடம் போட்டு நிற்கிறது. மணம் புரியாத ஆண் தோழனை இலட்சியவாதி என்கிறீர்கள். கட்சிக்கே வாழ்வை அர்ப்பணித்தார் என்று இரங்கற் கூட்டத்தில் கண் கலங்குகிறீர்கள். மணம் புரியாத பெண்ணை மட்டும் ஏன் நோயாளியாகப் பார்க்கிறீர்கள்? திருமணம் என்ற நிறுவனத்துக்கு வெளியே வாழப் பெண்ணுக்கு உரிமை உண்டு. அதைக் கடவுளுக்காக மறுத்தாலும் சரி, கல்விக்காக மறுத்தாலும் சரி, வெறுமனே விருப்பமில்லாமையால் மறுத்தாலும் சரி, உரிமை ஒன்றே.

தமிழ் மரபில் நின்றுகொண்டு கத்தோலிக்கரைப் பார்த்துச் சிரிக்கவும் நமக்குத் தகுதியில்லை. திருமணத்தை மறுக்க விரும்பிய ஔவைக்கு நம் நாட்டுக்கதை என்ன வழி காட்டிற்று? இளமையை எடுத்துக்கொண்டு முதுமையைத் தா என்று பிள்ளையாரிடம் வேண்டச் செய்தது. இளம்பெண் ஒருத்தி இளம்பெண்ணாகவே இருந்து தனித்து வாழலாம் என்று கற்பனை செய்யக்கூட நம்மால் முடியவில்லை. மணமாகாமல் மாண்ட பெண்களைக் கன்னித் தெய்வமென்று ஊரோரத்தில் நட்டுவைத்துப் பொங்கலிடுகிறோம். அவர்களில் எத்தனை பேர் சாதியின் பெயரால், மானத்தின் பெயரால் கொல்லப்பட்டவர் என்று கேட்பதில்லை. நம் இலக்கியத்தில் ஒரே ஒருத்திதான் துறவுக்கு வேறு பொருள் கண்டாள். கணிகையர் குலத்திற் பிறந்த மணிமேகலை. அவள் கையிலிருந்தது அமுதசுரபி. அவள் துறவின் அளவுகோல் உடலின் தூய்மையன்று, ஊராரின் பசி. சிறைக்கூடத்தை அறக்கூடமாக மாற்றினாள் என்கிறார் சாத்தனார். அவளைப் பாடநூலில் வைத்தோம், வாழ்க்கையில் வைக்கவில்லை.

மடத்துக்குள் நுழைந்தவளின் உழைப்புக்கு என்ன நேர்கிறது என்பதையும் பார்ப்போம். திருச்சபைச் சட்டத்தின் 668ஆம் விதிப்படி, துறவி தன் முயற்சியால் ஈட்டுவது சபைக்கே சேரும்; ஓய்வூதியமும் காப்புறுதியும்கூடப் பொதுவாகச் சபைக்கே. 702ஆம் விதிப்படி, சபையை விட்டு முறைப்படி நீங்குபவளோ நீக்கப்படுபவளோ அங்கே செய்த வேலைக்கு எதையும் கோர முடியாது. நீங்குபவளிடம் நியாயமும் அன்பும் காட்டுக என்று அதே விதி சபைக்குச் சொல்கிறது. நன்று. ஆயினும் நியாயத்தை உரிமையாகக் கொடுக்காமல் அன்பாகக் கொடுப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. துரைமாரின் அன்பில் அவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்து பார்த்தவர்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி கூடைக்காரிக்கு உண்டு. எவ்வளவு சிறிதாயினும் அது அவள் பெயரில் உண்டு. சபையின் சொந்தப் பணியில் இருபது ஆண்டு உழைத்து, நாற்பது வயதில் வெளியேறும் பெண்ணுக்கு எது உண்டு? அவள் திரும்பிச் செல்ல லயத்து அறைகூட மிஞ்சியிராது. அண்ணன் குடும்பம் அதில் நிறைந்திருக்கும்.

அண்டை நாட்டில் இக்கேள்வி நீதிமன்றம்வரை சென்றது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் கற்பிக்கும் கன்னியாஸ்திரிகளுக்கும் குருமாருக்கும் அரசு தரும் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்பது வழக்கு. சம்பளம் சபைக்கே போகிறது, துறவு பூண்டவர் திருச்சபைச் சட்டப்படி 'குடியியல் மரணம்' அடைந்தவர், ஆகவே அது அவர் வருமானமன்று என்பது சபைகளின் வாதம். 2019இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2024 நவம்பர் 7ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றமும் அவ்வாதத்தை ஏற்கவில்லை. வரியைப் பற்றி நமக்கு அக்கறை இல்லை. 'குடியியல் மரணம்' என்ற சொல்லே நம்மைத் திடுக்கிட வைக்கிறது. வகுப்பறையில் நின்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை, அவள் சம்பளப் பட்டியலைக் காப்பதற்காக, இறந்தவள் என்று வாதாட ஆட்கள் முன்வந்தனர்! 1948இல் ஒரு சட்டம் தோட்டத்து மக்களுக்கு விதித்ததும் இதே மரணம்தானே? 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை போராடி அந்த மரணத்திலிருந்து மீண்ட மக்களின் மகளுக்கு இரண்டாம் முறையும் அதே பெயரைச் சூட்டுவது அறமா?

"அவர்கள் மனமுவந்து கொடுத்தது" என்று மறுமொழி வரும். வத்திக்கானிலிருந்தே வந்த சாட்சியம் ஒன்றைக் காட்டுவோம். அதன் நாளேட்டோடு இணைந்து வெளிவரும் மகளிர் இதழ், மேற்றிராணிமார், கர்தினால்மாரின் இல்லங்களில் சமையலும் துப்புரவும் செய்யும் கன்னியாஸ்திரிகள் கூலியின்றியோ மிகக் குறைந்த கூலிக்கோ உழைப்பதை 2018 மார்ச்சில் எழுதிற்று. சொன்னவர்கள் திருச்சபையின் எதிரிகளல்லர். துறவியின் அங்கியை அணிந்தாலும் வீட்டுவேலைக்காரி வீட்டுவேலைக்காரியே என்ற உண்மையை அப்பெண்களே உணர்ந்து சொல்லியிருக்கின்றனர்.

அடுத்து, மேன்மை தாழ்மை என்னும் கோட்பாடு. கன்னிமையைவிடத் திருமணம் மேலானது என்போரையும், கன்னிமையில் நிலைத்தல் சிறந்ததன்று என்போரையும் 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் சபித்தது. 1954இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் புனித கன்னிமை பற்றிய சுற்றுமடலில் அந்த மேன்மையை மீண்டும் வலியுறுத்தினார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், எல்லா நிலையினரும் நிறை தூய்மைக்கு அழைக்கப்பட்டவரே என்று கூறித் தொனியை மாற்றியது உண்மை. ஆயினும் நான்கு நூற்றாண்டு ஏறியமர்ந்த படிநிலை ஓர் ஏட்டினால் இறங்கிவிடுவதில்லை. ஞாயிறு பூசைக்கு வரும் தோட்டத்துத் தாயை நினையுங்கள். நிறை வயிற்றோடு மலையேறியவள். பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டுக் கொழுந்தெடுத்தவள். முலைப்பாலும் இறப்பர்ப் பாலும் ஒரே நாளில் சிந்தியவள். அவள் மகள் மடத்திற் சேர்ந்ததால் தாயைவிட மேலானவளானாள் என்று அவளுக்கே சொல்வீர்களா? உழைத்துத் தேய்ந்த அந்த உடலில் தூய்மைக் குறைவு எங்கே கண்டீர்கள்?

உடலை அளக்கும் இப்பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2018ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு விவாதமே சான்று. கன்னிமை அர்ப்பணத்தின் பொருளை உடலின் பழுதின்மை என்ற அடையாளத்துக்குள் மட்டும் சுருக்கிவிட முடியாது என்று வத்திக்கானின் அறிவுறுத்தல் சொன்னது. உடனே அமெரிக்க ஐக்கிய நாட்டு அர்ப்பணக் கன்னியர் சங்கம் ஏமாற்றம் தெரிவித்து அறிக்கை விட்டது. இவ்விடத்தில் வத்திக்கான் அந்தச் சங்கத்தைவிட மனிதத்தன்மையுடன் பேசியது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. பன்னிரண்டு வயதில் கொழும்புக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்டு, எசமான் வீட்டில் சிதைக்கப்பட்டுத் திரும்பிய தோட்டத்துச் சிறுமியரின் கதை நம்மில் எவருக்குத் தெரியாது? அச்சிறுமியிடம் போய்ப் பழுதின்மை பேசுபவரின் கடவுள் எவராயினும், ஏழைகளின் கடவுளாக இருக்க முடியாது.

நம் நாட்டுக் கத்தோலிக்கருக்குள்ளேயே இதைத் தட்டிக் கேட்ட குரல் ஒன்று இருந்தது. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1990இல் மரியாளையும் மானிட விடுதலையையும் இணைத்து ஒரு நூல் எழுதினார். பணிவும் மௌனமுமே உருவான மரியாளை மரபு படைத்தது. ஏழைகளின் துயரில் பங்குகொண்டு நிமிர்ந்து நின்ற பெண்ணை மறைத்தது என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. 1997 சனவரியில் அவரைச் சபைவிலக்கம் செய்தனர். ஓராண்டின் பின், 1998 சனவரியில், விலக்கத்தை நீக்கினர். லூக்கா நற்செய்தியில் மரியாள் பாடுவதாக வரும் பாட்டை வாசித்துப் பாருங்கள். ஆட்சிகள் கவிழ்வதைப் பற்றிப் பாடும் பெண்ணின் பாட்டு அது. அந்த மரியாளைத் தோட்டத்துப் பெண்ணுக்கு அறிமுகம் செய்துவைக்க இன்னும் ஏன் அஞ்சுகிறீர்கள்?

இக்கட்டுரையைக் கையிலெடுத்துக்கொண்டு, கன்னியர் மடங்களைத் தடைசெய்க என்று பேரினவாதிகள் புறப்பட்டால், அவர்களை எதிர்த்து மடத்து வாசலில் நாம் நிற்போம். 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைப் போதனைச் சகோதரிகள் தம் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கக் கோரிய மசோதாவை இலங்கை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. கற்பிப்பதும் நோயாளரைப் பேணுவதும் மதப் பரப்பலோடு சேரும்போது ஆபத்தாகிவிடுமாம்! 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, அச்சகோதரிகளின் மதச் சுதந்திரமும் சமத்துவமும் மீறப்பட்டன என்று முடிவுசெய்தது. பௌத்த பெண் துறவியரின் நிலையும் வேறன்று. 'பிக்குணி' என்று தேசிய அடையாள அட்டையில் குறிப்பதற்கு ஒரு துறவி 2025 ஜூன்வரை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. துறவு பூண்ட பெண்ணை அரசு ஐயுறுகிறது. மடம் இறந்தவள் என்கிறது. ஊர் தெய்வமென்றோ பைத்தியமென்றோ சொல்கிறது. அவளை உழைக்கும் குடிமகளாகக் காணும் கண் எவருக்கும் இல்லை. அந்தக் கண்ணை நாம் பெறவேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் வார்த்தைப்பாட்டை ஒழிப்பதைப் பற்றியனவல்ல. வார்த்தைப்பாட்டைச் சுதந்திரமாக்குவதைப் பற்றியன. வசதியுள்ள பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுவரை நிதானம் வேண்டுமெனின், தோட்டத்துப் பெண்ணுக்கும் அது வேண்டும். அதற்குமுன் அவள் உயர்தரம்வரை கற்றிருக்க வேண்டும். சில காலமாவது தன் கையால் ஈட்டித் தன் கையால் செலவழித்திருக்க வேண்டும். சபையில் அவள் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் அவள் பெயரில் சேமலாப நிதி கட்டப்பட வேண்டும். வெளியேற விரும்பும் நாளில், அன்பளிப்பாக அன்றி உரிமையாக, அது அவள் கைக்கு வரவேண்டும்.

மறுபக்கம் அரசும் தொழிற்சங்கங்களும் நாமும் ஆற்றவேண்டிய கடமை உண்டு. லயத்துக்குப் பதிலாக வழங்கப்படும் காணி குடும்பத்தலைவனுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் ஒழியவேண்டும். மணமாகாத பெண்ணின் பெயரிலும் உறுதி எழுதப்படவேண்டும். மணமாகாதவள் தனியே வாழத் தோட்டத்தில் ஓர் அறை வேண்டும். அதன் கதவுக்கு உள்ளிருந்து பூட்டத் தாழ் வேண்டும். சப்பிரகமுவத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்தில் கற்பிக்கும் வகுப்புகள் பெருகவேண்டும். ஆசிரியத் தோழர்களே, இது நம் வேலை. நம் மாணவி ஒருத்தி மடம் புகப் போகிறேன் என்று வந்து சொன்னால், ஏளனமும் வேண்டாம், ஆசீர்வாதமும் வேண்டாம். "வேறு எந்த வழி உனக்குத் திறந்திருந்தது, பிள்ளை?" என்று கேட்போம். அவளால் மூன்று வழிகளை எண்ணிச் சொல்ல முடியவில்லையானால், தோற்றவர்கள் நாமே.

தன் பெயரில் வீடும், தன் கையில் கூலியும், தன் முன்னே பல்கலைக்கழக வாயிலும் திறந்திருக்க, தோட்டத்தில் பிறந்த ஒரு பெண் ஒருநாள் எழுந்து, இவையெல்லாம் எனக்குரியவை, இவற்றை நான் விடுகிறேன் என்று சொல்வாளாயின், அன்று நாத்திகராகிய நாமும் எழுந்து நின்று அவளைத் துறவி என்போம். அந்நாள் வரும்வரை அவளுடைய வெறுங்கையைப் பார்த்துத் துறவு துறவென்று பாடுவோர் பாட்டை நிறுத்திவிட்டு, அந்தக் கையை வெறுங்கையாக்கியவர் யாரெனச் சொல்லட்டும்.